இராமநாதபுரக் கரையிலிருந்து அமெரிக்க அரசையும் தேர்தலையும் அறிந்துகொள்ளும் வழி

தொண்டி முதல் இராமேசுவரம் வரையிலும், மண்டபம் முதல் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரையிலும் உள்ள நம் கரையோர ஊர்களுக்கு அமெரிக்கா பெரும்பாலும் இரண்டு வழிகளில் வந்து சேர்கிறது. இறாலின் விலை வழியாக ஒன்று. படிக்கவும் வேலை பார்க்கவும் போய் அங்கேயே குடியேறிவிட்ட பிள்ளைகள் வழியாக மற்றொன்று. விலை இறங்கினால் அமெரிக்கா வரி போட்டுவிட்டது என்கிறோம்; மகளின் விசா தாமதமானால் அமெரிக்கா நிறுத்தி வைத்துவிட்டது என்கிறோம். உண்மையில் முதல் முடிவை எடுத்தவரும் இரண்டாவது முடிவை எடுத்தவரும் வேறு வேறு. அவற்றை மாற்றும் அதிகாரம் உள்ளவர்களும் வேறு வேறு. அந்த நாட்டின் அரசமைப்பு, அதிகாரத்தை வேண்டுமென்றே பல கைகளில் பிரித்து வைத்திருக்கிறது. எனவே எந்தச் செய்தியைப் படித்தாலும் இதை முடிவு செய்தவர் யார், எந்தச் சட்டத்தின் பேரில் செய்தார் என்று முதலில் கேட்கப் பழக வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை காணும் முறையையும், அங்கே குடியுரிமை பெற்ற நம்மவர்களும் கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதியில் இருப்பவர்களும் ஊரில் இருக்கும் நாமும் எவற்றைச் செய்யலாம், எவற்றைச் செய்யவே கூடாது என்பதையும் கீழே காணலாம்.

அதிகாரம் பிரிந்திருக்கும் விதம்

1787-இல் எழுதப்பட்டு 1789-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் கூட்டாட்சி அரசை மூன்றாகப் பிரிக்கிறது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ் என்னும் நாடாளுமன்றம். அதைச் செயல்படுத்துவது அதிபரும் அவர் கீழ் உள்ள துறைகளும். சட்டத்துக்குப் பொருள் சொல்வது நீதிமன்றம். காங்கிரசுக்கு இரண்டு அவைகள் உண்டு. பிரதிநிதிகள் சபையில் 435 பேர், மக்கள்தொகைக்கு ஏற்ப மாநிலங்களுக்குப் பகிரப்பட்டு, இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். செனட் சபையில் மாநிலத்துக்கு இருவராக 100 பேர். ஒவ்வொருவருக்கும் ஆறாண்டுப் பதவிக்காலம். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தேர்தலைச் சந்திக்கிறார்கள். ஏறத்தாழ 3.9 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் வயோமிங்குக்கும் செனட்டில் சம எண்ணிக்கையே உள்ளது. தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் மாநிலங்களவையில் ஒரே எண்ணிக்கை கிடையாது என்று பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆனால் இதை மனத்தில் வைத்தால்தான் அங்கே சிறிய மாநிலங்களின் குரல் ஏன் இவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்பது விளங்கும்.

நம் முறையிலிருந்து அது விலகி நிற்கும் இடம் இன்னும் முக்கியமானது. இங்கே மக்களவையின் பெரும்பான்மையை இழந்த பிரதமர் பதவியில் நீடிக்க முடியாது. அங்கே அதிபரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியாது. நான்காண்டுப் பதவி அவருக்கு உறுதியானது. பதவிநீக்க விசாரணை என்னும் அரிய வழி ஒன்றே அதற்கு விலக்கு. அதேபோல் அதிபராலும் காங்கிரசைக் கலைக்க முடியாது. அமைச்சர்கள் காங்கிரஸ் உறுப்பினர்களாக இருக்கவும் முடியாது. ஆகவே அதிபர் ஒரு கட்சியாகவும் அவை வேறு கட்சியாகவும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே இருப்பது அங்கே இயல்பான நிலை. செலவின ஒதுக்கீட்டுச் சட்டம் குறித்த நேரத்தில் நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்கள் பலவும் மூடப்படுகின்றன. 2025-இல் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அப்படி மூடிக் கிடந்தன. இரு அவைகளும் நிறைவேற்றிய மசோதாவை அதிபர் மறுக்கலாம். அந்த மறுப்பை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தள்ளலாம். 22-ஆம் திருத்தம் 1951-இல் நிறைவேறியதிலிருந்து எவரும் இருமுறைக்கு மேல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட முடியாது.

உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள். அதிபர் பெயரை முன்மொழிய, செனட் ஒப்புதல் தர, அவர்கள் வாழ்நாள் முழுவதும் பதவி வகிக்கலாம். அதிபர் தேர்தலில் விழும் ஒரு வாக்கு, இந்த நியமனங்களின் வழியாக முப்பது ஆண்டுகள் கழித்தும் பேசும்.

இறாலைப் பின்தொடர்ந்து ஒரு முடிவைப் படித்தல்

மேலே சொன்னவை ஏட்டுப் பாடமாகவே நின்றுவிடக் கூடாது என்பதால், நம் கரைக்கு நேரே வந்து தைத்த ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். கடலில் இழுவலை போட்டுப் பிடித்த இந்திய இறாலை 2019 முதல் அமெரிக்கா வாங்குவதில்லை. பண்ணையில் வளர்த்த வனாமி இறாலுக்கு அந்தத் தடை கிடையாது. மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு ஏன் வந்தது என்று தேடினால், அந்த நாட்டு அரசின் எல்லாக் கிளைகளையும் ஒருமுறை சுற்றி வந்துவிடலாம்.

தொடக்கம் அமெரிக்காவின் தென்கரையில். மெக்சிகோ வளைகுடாவில் இறால் பிடிக்கும் படகுகளின் வலையில் கடலாமைகள் சிக்கி இறந்ததால், ஆமை வெளியேறும் வகையில் கம்பிச் சட்டமும் திறப்பும் கொண்ட கருவியை வலையில் பொருத்த வேண்டும் என்று 1987-இல் அங்குள்ள மத்திய அரசின் துறை விதி வெளியிட்டது. லூசியானா மாநில மீனவர்கள் கொதித்தார்கள். எங்களுக்கு மட்டும் இந்தச் சுமை, வெளிநாட்டு இறாலுக்கு இல்லையா என்று தங்கள் செனட்டர்களிடம் முறையிட்டார்கள். அதன் விளைவாக 1989 நவம்பரில் நிறைவேறிய ஒரு செலவின ஒதுக்கீட்டுச் சட்டத்தில், ஆமைகளுக்கு ஊறு செய்யும் முறையில் பிடித்த இறாலை இறக்குமதி செய்யக் கூடாது என்ற 609-ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. துறைகளின் செலவுக்கு நிதி ஒதுக்கும் சட்டத்தில் இறால் எப்படி நுழைந்தது என்று கேட்கலாம். நிறைவேறியே ஆக வேண்டிய பெரிய சட்டத்தில் தம் தொகுதிக்கு வேண்டிய சிறு பிரிவை இணைப்பது அங்கே உறுப்பினர்கள் நெடுங்காலமாகக் கையாளும் வழி. இதிலிருந்து நாம் கற்க வேண்டியது, ஒரு சட்டத்தின் தலைப்பை மட்டும் பார்த்து அதன் உள்ளடக்கத்தை முடிவு செய்யக் கூடாது என்பது.

அந்தப் பிரிவை நிர்வாகம் முதலில் கரீபியன் பகுதி நாடுகளுக்கு மட்டுமே பொருத்தியது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு வணிக நீதிமன்றம், சட்டம் எல்லா நாடுகளுக்கும் உரியது என்று 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 1996 மே முதல் இந்தியாவுக்கும் அது பொருந்தியது. காங்கிரஸ் இயற்றியது, நிர்வாகம் சுருக்கியது, நீதிமன்றம் விரித்தது என்று மூன்று கிளைகளும் இங்கே வரிசையாக வந்து நிற்பதைக் காண்க. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளும் சேர்ந்து உலக வணிக அமைப்பில் முறையிட்டன. ஆமையைக் காக்கும் நோக்கம் சரியானதே, ஆனால் நடைமுறைப்படுத்திய விதம் நாடுகளுக்கிடையே நியாயமற்ற பாகுபாடு காட்டுகிறது என்று 1998 அக்டோபரில் மேல்முறையீட்டு அமைப்பு கூறியது. அமெரிக்கா சட்டத்தைத் திருத்தவில்லை. வெளியுறவுத் துறை தன் வழிகாட்டு விதிகளை மட்டும் மாற்றிக்கொண்டது. இன்றும் ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தை ஒட்டி, எந்தெந்த நாடுகள் தகுதி பெற்றன என்ற சான்றிதழ்ப் பட்டியலை வெளியுறவுத் துறையே காங்கிரசுக்கு அனுப்புகிறது.

ஆகவே இந்தத் தடை அதிபர் மாறினால் நீங்கிவிடும் என்று காத்திருப்பது பயனற்றது. அது சட்டத்தில் இருக்கிறது. சட்டம் மாறாத வரையில், வலையில் கருவி பொருத்தப்பட்டுப் பயன்பாட்டில் உள்ளது என்று வெளியுறவுத் துறையின் ஆய்வாளர்கள் நிறைவடைந்தால்தான் கதவு திறக்கும். பங்குனி ஆமைக்கும் பேராமைக்கும் நம் கடல் தாய்வீடு என்பதால், அந்தக் கருவியை ஏற்பது நமக்கே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

இறக்குமதி வரி இதற்கு நேர்மாறான கதை. வரி விதிக்கும் அதிகாரத்தை அரசமைப்பின் முதல் பிரிவு காங்கிரசுக்கே தருகிறது. ஆனால் காங்கிரஸ் பல சட்டங்களின் மூலம் அதில் ஒரு பகுதியை அதிபரிடம் ஒப்படைத்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரை உயர்ந்த வரி, காங்கிரஸ் வாக்கெடுத்து விதித்ததன்று. நெருக்கடி நிலை அதிகாரச் சட்டம் ஒன்றைக் காட்டி அதிபர் ஆணையாகப் பிறப்பித்தது. அந்தச் சட்டம் அவ்வளவு தூரம் இடம் தருகிறதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2025 நவம்பரில் அங்கே வாதம் நடந்தது. ஆணையால் வந்த வரி மற்றோர் ஆணையாலோ தீர்ப்பாலோ ஒரே நாளில் மாறலாம். சட்டத்தால் வந்த தடை அப்படி மாறாது. இறால் ஏற்றுமதியை நம்பித் தொழில் செய்பவர்கள் கடன் வாங்கும் முன் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம். இவை தவிர 2005 முதல் நடப்பில் உள்ள மலிவுவிலைக் குவிப்புத் தடுப்பு வரி ஒன்று உண்டு. அதை அதிபர் நேரடியாக விதிப்பதில்லை. அந்நாட்டு இறால் தொழிலினர் மனுச் செய்ய, வணிகத் துறையும் பன்னாட்டு வணிக ஆணையமும் விசாரித்து விதித்தது அது.

ஒப்பந்தங்களைப் பற்றியும் ஒரு சொல். கச்சத்தீவை இலங்கை எல்லைக்குள் வைத்த 1974 ஒப்பந்தத்தை நம் மத்திய அரசு அரசியலமைப்புத் திருத்தம் எதுவும் இன்றியே செய்து முடித்தது என்பது நம் கரையில் இன்றும் பேசப்படும் குறை. அமெரிக்காவில் முறையான உடன்படிக்கை ஒன்றுக்குச் செனட்டில் வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் கிடைக்காத காரணத்தால்தான், 1982-ஆம் ஆண்டின் கடல் சட்ட உடன்படிக்கையில் இந்தியா இருக்கிறது, அமெரிக்கா இன்னும் சேரவில்லை. எனினும் அங்கேயும் அதிபர்கள் பல உடன்பாடுகளைச் செனட்டுக்கு அனுப்பாமல் நிர்வாக ஒப்பந்தங்களாகவே செய்துகொள்கிறார்கள் என்பதால், செய்தியில் ஒப்பந்தம் என்று வந்தால் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும்.

தேர்தலைப் பின்தொடர்தல்

கூட்டாட்சித் தேர்தல் நாள் சட்டத்தால் நிலைத்தது. இரட்டைப்படை ஆண்டுகளில், நவம்பரின் முதல் திங்கட்கிழமைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை அது நடக்கும். 2026-இல் அது நவம்பர் 3. 2028-இல் நவம்பர் 7. நான்கால் வகுபடும் ஆண்டில் அதிபர் தேர்தல். இடைப்பட்ட இரட்டைப்படை ஆண்டில் வருவது இடைக்காலத் தேர்தல். பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் இரண்டிலும் தேர்தலுக்கு வருகின்றன.

நம் இந்தியத் தேர்தல் ஆணையம் போல நாடு முழுவதற்கும் வாக்காளர் பட்டியல் தயாரித்து, வாக்குச்சாவடி அமைத்து, ஒரே நாளில் எண்ணி அறிவிக்கும் அமைப்பு அங்கே கிடையாது. கூட்டாட்சித் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் உள்ள அமைப்பு பிரசாரப் பணத்தை மட்டுமே கண்காணிக்கிறது. தேர்தலை நடத்துவது 50 மாநிலங்களும், அவற்றின் கீழுள்ள, நம் மாவட்டங்களைப் போன்ற கவுண்டிகளும் நகரங்களும். எனவே அடையாள அட்டை, தபால் வாக்கு, பதிவுக் கடைசி நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறுபடும். நியூ ஜெர்சியில் இருக்கும் அண்ணன் சொன்ன விதியை டெக்சாசில் இருக்கும் தம்பி நம்பினால் ஏமாற்றமே மிஞ்சும்.

அதிபரைத் தேர்ந்தெடுப்பது நேரடி வாக்கு எண்ணிக்கை அன்று. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள், செனட்டர்கள் ஆகியோரின் எண்ணிக்கைக்கு ஈடான தேர்வாளர்கள் உண்டு. தலைநகர் வாஷிங்டனுக்கு மூன்று பேர். ஆக மொத்தம் 538. அவர்களில் 270 பேரின் வாக்கைப் பெறுபவர் வெல்கிறார். மெயின், நெப்ராஸ்கா ஆகிய இரண்டு நீங்கலாக மற்ற மாநிலங்களில் ஒரு வாக்கு முன்னிலை பெற்றவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் அனைவரும் கிடைக்கிறார்கள். இதனால்தான் 2016-இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2000-இல் அல் கோருக்கும் அதுவே நேர்ந்தது. திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ் 2024-இல் 226 தேர்வாளர்களைப் பெற, டொனால்டு டிரம்ப் 312 பெற்று வென்றார். வேட்பாளர்கள் பென்சில்வேனியாவிலும் மிச்சிகனிலும் நாள்கணக்கில் தங்குவதற்கும், கலிபோர்னியாவை எட்டிப் பார்க்காமல் போவதற்கும் காரணம் இந்த ஏற்பாடே.

அங்கே வேட்பாளரைக் கட்சித் தலைமை அறிவிப்பதில்லை. பிரைமரி எனப்படும் முதற்கட்டத் தேர்தலில் கட்சியின் வாக்காளர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாநிலங்களில் அந்தக் கட்சியின் பெயரில் பதிவு செய்தவர் மட்டுமே அதில் வாக்களிக்கலாம். வேறு சிலவற்றில் யாரும் வாக்களிக்கலாம். ஒரே கட்சி தொடர்ந்து வெல்லும் தொகுதிகள் மிகுதி என்பதால், பல இடங்களில் உண்மையான போட்டி நவம்பரில் நடப்பதில்லை. சில மாதங்களுக்கு முன் பிரைமரியிலேயே முடிந்துவிடுகிறது. குடியுரிமை பெற்ற நம்மவர்கள் நவம்பரில் மட்டும் வாக்களித்துவிட்டு, பிரைமரியைத் தவறவிடுவதை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன்.

வாக்குச்சீட்டும் வேறு வகை. 2024 மக்களவைத் தேர்தலில் ஓ. பன்னீர்செல்வம் நம் தொகுதியில் பலாப்பழச் சின்னத்தில் நின்றபோது, அதே பெயருடைய வேறு சிலரும் களத்தில் இருந்தார்கள். சின்னம் ஒன்றே வாக்காளருக்கு வழிகாட்டியது. அமெரிக்க வாக்காளர் அப்படிச் சின்னத்தை நம்பி உள்ளே போக முடியாது. பெயரையும் கட்சியையும் படித்துத்தான் குறிக்க வேண்டும். அதுவும் ஒரே சீட்டில் அதிபர் முதல் மாநில ஆளுநர், நகரத் தந்தை, கவுண்டி ஷெரிப், பல மாநிலங்களில் நீதிபதிகள், பள்ளிக் கல்வி வாரிய உறுப்பினர்கள் வரை வரிசையாக இருக்கும். சில மாநிலங்களில் சட்ட முன்மொழிவுகளுக்கு ஆம் அல்லது இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

முடிவுகளை இங்கிருந்து பார்ப்பவர்கள் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கரையில் செவ்வாய் இரவு ஏழு மணிக்கு வாக்குப்பதிவு முடியும்போது நமக்குப் புதன் காலை ஐந்தரை. கலிபோர்னியாவில் எட்டு மணிக்கு முடியும்போது நமக்குக் காலை ஒன்பதரை. அன்று தொலைக்காட்சிகள் சொல்வது கணிப்பே. தபால் வாக்குகள் எண்ணி முடிய நாட்களாகும்; மாநிலங்கள் சான்றளித்த பின், டிசம்பரில் தேர்வாளர்கள் வாக்களித்து, ஜனவரி 6 அன்று காங்கிரஸ் எண்ணி, ஜனவரி 20 அன்று அதிபர் பதவியேற்கிறார். எண்ணிக்கை மெதுவாக நடப்பதையே முறைகேட்டுக்குச் சான்றாகக் கொள்வது தவறு.

நம்மவர்கள் பங்கெடுக்கும் முறை

முதலில் எச்சரிக்கை. குடியுரிமை பெறாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது அங்கே குற்றம். சிறைத் தண்டனையோடு நாடு கடத்தலுக்கும் இடமுண்டு. 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஓட்டுநர் உரிமம் எடுக்கும் அலுவலகத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று கேட்பார்கள். கிரீன் கார்டில் இருக்கும் மகனோ மருமகளோ படிவத்தை முழுதும் படிக்காமல் ஆம் என்று குறித்துக் கையொப்பமிட்டால், பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தின்போது அது தலைக்கு மேல் வந்து நிற்கும். அந்த இடத்தில் இல்லை என்று மட்டுமே குறிக்க வேண்டும் என்பதை ஊரிலிருந்து பேசும் பெற்றோர் திரும்பத் திரும்பச் சொல்லலாம்.

பண விஷயத்திலும் அதே கவனம் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர் வேட்பாளருக்கு நன்கொடை தரலாம். எச்-1பி என்னும் வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருப்பவர் தரக் கூடாது. ஊதியமின்றித் தொண்டு செய்யலாம். ஊரில் இருக்கும் நாம், அங்கே நிற்கும் தமிழ் வேட்பாளர் மீது எவ்வளவு பற்று வைத்திருந்தாலும், ஒரு ரூபாய்கூட அனுப்பக் கூடாது. மகன் பெயரில் கொடுக்கச் சொல்லி அனுப்புவதும் சட்டத்துக்கு எதிரானதே.

குடியுரிமைக்குப் பொதுவாகக் கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் ஆகியிருக்க வேண்டும். குடியுரிமை பெற்றவரின் வாழ்க்கைத் துணையாக அவரோடு வாழ்பவருக்கு மூன்றாண்டுகள். என்-400 என்ற படிவத்தில் விண்ணப்பித்து, ஆங்கிலத் தேர்விலும் குடிமையியல் தேர்விலும் தேற வேண்டும். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 வினாக்களைக் கொண்ட பட்டியலிலிருந்து 20 வரை கேட்பார்கள். 12 சரியாக இருக்க வேண்டும். பிள்ளைகளோடு போய்த் தங்கிய பெரியவர்களுக்கு உரிய சலுகையை நம் குடும்பங்கள் பலவும் அறியாமல் இருக்கின்றன. 50 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் கிரீன் கார்டில் இருந்தவரும், 55 வயதைக் கடந்து 15 ஆண்டுகள் இருந்தவரும் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளரை உடன் வைத்துக்கொண்டு குடிமையியல் வினாக்களுக்குத் தமிழிலேயே விடை சொல்லலாம். 65 வயதைக் கடந்து 20 ஆண்டுகள் இருந்தவருக்கோ, தேர்ந்தெடுத்த 20 வினாக்களை மட்டும் படித்தால் போதும். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்பதற்காகக் குடியுரிமையைத் தள்ளிப் போட வேண்டியதில்லை.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற நாளில் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடுகிறது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இங்கே வாக்களிக்கும் உரிமையைத் தராது. ஆகவே ஊர்ப் பட்டியலில் பெயர் இருந்தால் படிவம் 7 மூலம் நீக்கச் செய்ய வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே வாழ்பவரோ படிவம் 6ஏ மூலம் சொந்த ஊரில் வெளிநாட்டு வாக்காளராகப் பதிவு செய்து, தேர்தல் நாளில் நேரில் வந்து வாக்களிக்கலாம்.

குடியுரிமை பெற்றதும் பட்டியலில் பெயர் தானாக ஏறிவிடாது. வோட் டாட் கவ் என்ற அரசுத் தளத்தில் தம் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் பதிவு முறையும் கடைசி நாளும் தெரியும். வடக்கு டகோட்டா ஒன்றில் மட்டும் பதிவே தேவையில்லை. வீடு மாறினால் மீண்டும் பதிவைத் திருத்த வேண்டும். தேர்தலுக்கு முன் கவுண்டி வெளியிடும் மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்து, அறியாத பெயர்களைப் பற்றி வீட்டிலேயே படித்து, குறிப்பு எழுதிக்கொள்வது நல்லது. பிள்ளை படிக்கும் பள்ளியின் பாடத்திட்டத்தையும் வீட்டு வரியையும் நிர்ணயிப்பவர்கள் சீட்டின் கடைசியில் இருக்கும் அந்தச் சிறு பதவியினரே; அத்தேர்தல்களில் வாக்களிப்போர் குறைவு என்பதால், ஒரு தெருவில் வாழும் சில குடும்பங்கள் சேர்ந்தாலே முடிவு மாறக்கூடும். படிக்கவோ எழுதவோ இயலாதவர் வாக்குச்சாவடிக்குள் தமக்கு விருப்பமான ஒருவரை உதவிக்கு அழைத்துச் செல்ல வாக்குரிமைச் சட்டம் இடம் தருகிறது. வேலை கொடுத்தவரும் தொழிற்சங்க நிர்வாகியும் மட்டும் அந்த உதவியாளராக இருக்கக் கூடாது. மகள் உடன் வர, தாய் வாக்களிக்கலாம்.

ஓய்வு பெற்று ஓ.சி.ஐ. அட்டையோடு இராமநாதபுரத்துக்கோ கீழக்கரைக்கோ திரும்பி வந்துவிட்ட அமெரிக்கக் குடிமக்களும் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். அங்கே கடைசியாக வாழ்ந்த முகவரியே அவர்களுடைய தொகுதி. கூட்டாட்சி அஞ்சலட்டை விண்ணப்பம் எனப்படும் படிவத்தை ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் நிரப்பி, அந்த ஊரின் தேர்தல் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். தேர்தலுக்கு 45 நாட்களுக்கு முன் வாக்குச்சீட்டு அனுப்பப்பட வேண்டும் என்பது சட்டம்; மின்னஞ்சலில் பெறவும் கேட்கலாம். நிரப்பிய சீட்டு இங்கிருந்து கடல் கடந்து போய்ச் சேர நாளாகும் என்பதால் வந்த அன்றே அனுப்புவது நல்லது. சீட்டு வராமலே போனால் அதற்கென்று உள்ள மாற்று வாக்குச்சீட்டைத் தரவிறக்கி எழுதி அனுப்பலாம். ஐயம் இருந்தால் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் கேட்கலாம்.

வாக்குக்கு அப்பால் உள்ள வழிகளில் மிகவும் பயனுள்ளது தொகுதி உறுப்பினருக்கு எழுதுவது. கிரீன் கார்டு விண்ணப்பம் தேங்கினாலோ, பெற்றோரின் விசா காரணமின்றித் தாமதமானாலோ, பிரதிநிதியின் அலுவலகம் குடிவரவுத் துறையிடமோ தூதரகத்திடமோ விசாரித்துச் சொல்லும். அதற்கெனத் தனி ஊழியர்கள் இருக்கிறார்கள். ஒப்புதல் படிவம் ஒன்றில் கையொப்பமிட்டுத் தர வேண்டும். குடியுரிமை இல்லாதவரும் அந்தத் தொகுதியில் வாழ்ந்தால் கேட்கலாம். அவர்கள் தொகுதி முகவரியைச் சரிபார்ப்பார்கள் என்பதால், இராமேசுவரத்திலிருந்து நாம் எழுதுவதைவிட அங்கே வாழும் பிள்ளை எழுதுவதே பலன் தரும்.

இங்கிருந்தே நாம் நேரடியாகப் பேசக்கூடிய வழியும் ஒன்று உண்டு. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, துறைகள் புதிய விதியை இறுதி செய்யும் முன் வரைவைக் கூட்டாட்சிப் பதிவேடு என்னும் அரசிதழில் வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்தைப் பொதுவாகக் கேட்டாக வேண்டும். கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசுகளும் தொழில் அமைப்புகளும் எழுதுகின்றன. ஓங்கல்களும் (டால்பின்) ஆவுளியாவும் (கடற்பசு) வலையில் சிக்குவதைத் தடுக்கும் நாடுகளின் மீனை மட்டுமே வாங்குவது என்று, 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த விதியும் இப்படிக் கருத்துக் கேட்ட பின் இறுதியானதே. அடுத்த முறை இத்தகைய வரைவு வரும்போது நம் மீனவர் சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் ரெகுலேஷன்ஸ் டாட் கவ் தளத்தில் அந்த வரைவின் கோப்பு எண்ணைத் தேடி, ஆங்கிலத்தில் இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதலாம். எந்த வலை, என்ன கண்ணி அளவு, ஆண்டில் 61 நாள் தடைக்காலம், எந்தப் பகுதியில் எந்தப் படகு என்ற விவரங்களே அங்கே எடையுள்ளவை. ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்புவதைவிட, தரவோடு கூடிய ஒரு கடிதத்துக்குத் துறை எழுத்தில் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் மிகுதி. கடைசி நாள் என்று போட்டிருப்பது வாஷிங்டன் நேரத்தின் நள்ளிரவு. நமக்கு அது மறுநாள் காலை, கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி.